உயிர் காக்கும் தூது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் காலைப் பனியும் காணக் கோடையில் கூட்டங்கூட்டமாக வருகின்றனர் மக்கள். வந்து போவோருக்குச் சேர்வராயன் மலை வாடிய உடலைத் தேற்றும் இடம். அங்கே பிறந்து, அங்கே உழைத்து, அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் அதுவே உலகம். அங்கும் கடன் உண்டு, நோய் உண்டு, முறிந்த காதல் உண்டு, தேர்வில் தோற்ற மாணவன் உண்டு. பனி மூடிய மலையில் துயர் மூடிய நெஞ்சம் இராது என்று எவர் சொல்ல முடியும்?

துயர் முற்றித் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முனைந்த ஒருவரை உற்றார் வண்டியில் ஏற்றுகின்றனர். அத்தனை வளைவுகளையும் கடந்து சேலத்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். மருத்துவர் போராடுகின்றார், செவிலியர் கண் விழிக்கின்றனர், உயிர் மீள்கிறது. சில நாட்களில் அவர் மீண்டும் மலையேறுகிறார். அதே வீடு; அதே கடன்; அதே ஏச்சு; போதாக்குறைக்கு ஊரார் வாய்க்கு ஒரு புதுக்கதை. ஒருமுறை முயன்று மீண்டவருக்கே மறுமுறையும் முயலும் இடர் மிகுதி என்பது மருத்துவ உலகம் கண்ட உண்மை. அதிலும் வீடு திரும்பிய முதற் சில கிழமைகளும் திங்களும் மிகக் கடியவை. உயிரை மீட்டோம், மீட்ட உயிரை எவர் கையில் ஒப்படைத்தோம்?

இக்கேள்விக்கு உலகம் இதுவரை அளித்த விடைகள் மூன்று. முதலில் தண்டித்தது; பின்னர் செவி கொடுத்தது; அதன் பின்னரே தேடிச் சென்றது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1823ஆம் ஆண்டு வரை, தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் உடலை நாற்சந்தியில் புதைத்து, அதில் முளை அறையும் வழக்கம் இருந்தது. ஆவி எழுந்து அலையாதிருக்க முளையாம்! 1870 வரை அவருடைய உடைமையை அரசு பறித்துக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. மாண்டவன் குற்றவாளி, அவன் மனைவி மக்கள் ஆண்டிகள்! மதம் பாவம் என்றது, மன்னராட்சி குற்றம் என்றது, "ஏன் இந்தத் துயரம்?" என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அவ்வாட்சியினர் 1860இல் நமக்கு எழுதித் தந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. எழுதித் தந்தவர்கள் 1961இல் தம் நாட்டில் அதைக் குற்றமல்ல என்று ஆக்கிக்கொண்டனர். இலங்கை 1998இல் நீக்கிற்று. நாமோ 2024 சூலை முதல் நாள் வரை அப்பிரிவைச் சட்டப் புத்தகத்தில் சுமந்துகொண்டிருந்தோம். சாவின் வாயிலிலிருந்து மீண்டவருக்குச் சிறையின் வாயிலைக் காட்டுவது எந்த நாட்டு அறம்? வழக்குக்கு அஞ்சி உண்மையை மறைக்கும் குடும்பம் மருத்துவரிடம் எதைச் சொல்லும்? சட்டம் ஒருபுறம் மிரட்ட, "தலையெழுத்து", "சனியின் பார்வை", "பேயின் வேலை" என்று மடமை மறுபுறம் வாயை அடைத்தது.

இருளில் ஒரு கீற்று எப்போது தோன்றிற்று? 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக நடத்திய இறுதிச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவள் பூப்பெய்தியிருந்தாள், குருதி கண்டு கொடிய நோய் என்று அஞ்சினாள், அது இயற்கை என்று எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை, தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். அச்சிறுமியை வாரா மறக்கவில்லை. பாதிரியாரே ஆயினும் வழிபாட்டோடு நின்றுவிடவும் இல்லை. 1953இல் லண்டனில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, துயருற்றோர் பேசக் கேட்கும் பணியைத் தொடங்கினார். சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. அத்தகைய பணிக்கெனவே 1986இல் சென்னையில் சினேகா என்னும் அமைப்பு தோன்றிற்று. நிறுவியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

செவி கொடுப்பது பெரும்பணி. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அழைப்பவருக்கே அது உதவும். அழைக்கவும் வலிமையற்று முடங்கிக் கிடப்பவருக்கு யார் துணை?

இதற்கு விடை தேடியவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ. இரண்டாம் உலகப்போரில் ஈடுபட்டிருந்த நாளில் ஓர் இளம்பெண் எழுதி வந்த கடிதங்கள் தந்த தெம்பை அவர் மறந்தாரில்லை. 1969இல் ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 3,005 பேரை அவர் குழு கண்டு பேசியது. அவர்களுள் தொடர் மருத்துவத்தை வேண்டாமென்றோ இடையில் விட்டோ சென்றவர் 843 பேர். அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிதம் எழுதினர். முதலில் திங்களுக்கு ஒன்று. பின்னர் இரு திங்களுக்கு ஒன்று. அதன் பின் மூன்று திங்களுக்கு ஒன்று. 5 ஆண்டுகளில் 24 கடிதங்கள்!

கடிதத்தில் என்ன இருந்தது? அறிவுரை இல்லை, அதட்டல் இல்லை, கேள்விப் பட்டியல் இல்லை. நலமாக இருப்பீர்களென நம்புகிறோம், எழுத விரும்பினால் மகிழ்வோம் என்னும் பொருளில் சில வரிகள், அவ்வளவே! முடிவு 2001இல் விரிவாக வெளியாயிற்று. 5 ஆண்டுகளிலும் கடிதம் பெற்றோரிடையே தற்கொலை குறைவு. முதல் 2 ஆண்டுகளில் அந்த வேறுபாடு தற்செயலன்று என்று கணக்கே உறுதி கூறிற்று.

கிளியையும் அன்னத்தையும் முகிலையும் தூது விட்ட இலக்கியம் படைத்தவர்கள் தமிழர்கள். நம் மரபில் போன தூது மாலை வாங்கி வர வேண்டும். மோட்டோ விட்ட தூதோ எதையும் வாங்கி வரவேண்டியதில்லை. பதில் வராவிடினும் அடுத்த கடிதம் போகும். எதையும் வேண்டாத அன்பு என்பதை எடுத்துக்காட்ட இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பகுத்தறிவாளர் ஒரு கணக்கைக் கண்டு மயங்கமாட்டார். அடுத்த கணக்கையும் கேட்பார். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 772 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. 12 திங்களில் 8 அஞ்சலட்டைகள். மீண்டும் முயன்றவர்களின் தொகையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் முயற்சிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து 2010இல் வந்த ஆய்வோ உறுதியான பயன் எதையும் காணவில்லை. ஆகவே அஞ்சலட்டை மந்திரத் தாயத்து அன்று. மருத்துவத்துக்கும் அது மாற்றன்று. மருத்துவம் நின்றுபோகும் இடத்தில் மனித உறவு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும் கயிறு அது.

அந்தக் கயிறு தமிழகத்திலும் சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராச், சீனத்தின் யுன்செங் ஆகிய 5 இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடையே ஆய்வு நடத்திற்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மறு பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடல்; பின்னர் 18 திங்களில் 9 முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் கேட்டல். 2008இல் வெளியான முடிவைப் பாருங்கள்: வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரிடையே தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 2.2, தேடிச் சென்று கேட்கப்பட்டோரிடையே 0.2. செல்வ நாடுகளில் அல்ல, நம்மைப் போன்ற நாடுகளில் கண்ட முடிவு இது. பெருமாளிகை வேண்டியிருக்கவில்லை, பெரும்பொறி வேண்டியிருக்கவில்லை, மறவாமை ஒன்றே வேண்டியிருந்தது!

அஞ்சலட்டையின் இடத்தில் இன்று கைப்பேசிக் குறுஞ்செய்தி நிற்கிறது. அமெரிக்கப் படையினர் 658 பேரிடம் ஓராண்டில் 11 செய்திகள் அனுப்பிச் சோதித்த முடிவு 2019இல் வந்தது. முதன்மையாக அளந்தவற்றில் வேறுபாடு தெரியவில்லை; எனினும் செய்தி பெற்றோரிடையே தற்கொலைக்கு முயன்றோர் குறைவாக இருந்தனர். நம்பிக்கை தரும் முடிவு, முற்றுப்பெற்ற முடிவன்று.

சட்டமும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும் என்கிறது. மீண்டும் முயலும் இடரைக் குறைக்கப் பராமரிப்பும் மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அரசு ஊழியரை நெருக்கும் நோக்குடன் முயல்வது தவிர, பழைய 309 இல்லை. கைவிலங்கு கழன்றது, கைகொடுக்க யார் வருவார்?

இனி மலைக்கு வருவோம். 2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டு செல்கிறது. மாத்திரை ஏறும் மலையில் ஒரு மாற்றம் தரும் சொல் ஏறாதா? மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போதே, அவர் இசைவைப் பெற்று எண்ணைக் குறித்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். அவரைக் கண்டு பேசியவரின் பெயரிலேயே செய்தி போகவேண்டும். பெயரறியாப் பொறியின் குரல் உறவாகாது. ஒரே கைப்பேசியை வீடே பார்க்கும் குடும்பங்கள் உண்டு. ஆகையால் நடந்ததைச் சுட்டாமல் நலம் மட்டும் கேட்க வேண்டும். எழுத்தறியாதவருக்குக் குரல் செல்லட்டும். அலை எட்டாத மலைமடிப்புக்கு ஆள் செல்லட்டும். செய்தி கண்டு ஒருவர் உதவி கேட்டால், உடனே ஏற்க ஒரு மருத்துவர் காத்திருக்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டு ஓடுவது தொண்டாகாது.

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கும், படிப்பகங்களில் கூடும் இளைஞர்களுக்கும் இதில் பங்குண்டு. தேர்வில் தோற்றவனை, தொழில் இழந்தவனை, ஊர்வாய்க்கு அஞ்சி ஒடுங்கிய பெண்ணை நாம் அறிவோம். ஏன் என்று குடைய வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம். அடுத்த திங்களும் மறவாமல் கேட்போம். நெருக்கடி என்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. சினேகாவின் எண் 044 24640050. இவ்விரண்டையும் ஒவ்வொரு படிப்பகத்தின் சுவரிலும் எழுதி வைப்போம்.

நாற்சந்தியில் முளை அறைந்த காலத்திலிருந்து நலம் கேட்டுச் செய்தி அனுப்பும் காலத்துக்கு உலகம் வந்து சேர ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. மீண்டு வந்தவருக்கு ஒரு வரி எழுத நமக்கு எத்தனை நேரம் ஆகும்?