தொலைபேசியை எடுத்தவர்கள்

இணையச் சேவை தரும் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடம் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தேன். அங்கே பெரும்பாலும் பெண்கள். மேல்மாடியில் நெட்வொர்க் பிரிவு. அங்கே பெரும்பாலும் ஆண்கள். தளம் திறக்கவில்லை என்று யாராவது அழைத்தால், டிஎன்எஸ் எண்ணை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். டிஎன்எஸ் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அது உங்க வேலைக்குத் தேவையில்லம்மா" என்றார் மேலதிகாரி. அதற்குப் பிறகுதான் நானாகப் படிக்கத் தொடங்கினேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அடைகின்றன. பெயர் நமக்காக. நாம் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணை யாரோ தேடித்தர வேண்டும். நம் கணினி ஒரு சர்வரைக் கேட்கிறது. அதற்குத் தெரியாவிட்டால் அது வேர் சர்வரைக் கேட்கிறது. வேர் சர்வரும் விடை சொல்லாது, டாட் காம் பெயர்களுக்குப் பொறுப்பானதைக் கைகாட்டும். அது இன்னொன்றைக் காட்டும். ஊருக்குப் புதிதாக வந்தவர் தெருமுனையில் கேட்டு, டீக்கடையில் கேட்டு, கடைசியில் பக்கத்து வீட்டில் கேட்டு வாசலுக்கு வந்து சேர்வது போல. 1983இல் இதை வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். நான் படித்த பாடநூல் இங்கேதான் தொடங்கியது. அதற்கு முன்பு பெயர்கள் எங்கே இருந்தன என்பதற்கு அதில் ஒரு வரிதான்: ஒரே ஒரு கோப்பு பராமரிக்கப்பட்டு வந்ததாம்.

வீடு பெருக்கப்பட்டது, சோறு வடிக்கப்பட்டது என்பது போன்ற வாக்கியங்களில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. யாரால்?

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையத்தால். அதை நடத்தியவர் எலிசபெத் ஃபெயின்லர். 1931இல் பிறந்தவர். உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வேட்டுக்குப் பணம் சேர்க்க வேதியியல் தகவல்களைத் தொகுக்கும் வேலைக்குப் போனார். தொகுப்பதே பிடித்துப்போயிற்று, பட்டத்துக்குத் திரும்பவில்லை. 1972இல் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் வளர்ந்த ஆர்பாநெட்டுக்குக் கையேடு தயாரிப்பது முதல் வேலை. அங்கிருந்து 1989 வரை அவரே மையத்தின் மையம்.

புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அதன் பொறுப்பாளர் மையத்துக்கு எழுதுவார், அல்லது அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைப்பார். அந்தப் பெயர் வேறு யாருக்கும் தரப்படவில்லையே என்று பார்த்து, ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற கணினிகள் அந்தக் கோப்பை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ளும். எழுத்தர் வேலை என்று இதை ஒதுக்கிவிடலாம், அப்படித்தான் ஒதுக்கினார்கள். ஆனால் ஒரு பெயர் ஒருவருக்கே, அதற்குப் பொறுப்பானவர் இன்னார் என்று பதிவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மேசையில் நாள்தோறும் நடைமுறையானவை. கணினிகள் பெருகியபோது ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. டிஎன்எஸ் அந்த மேசையை ஆயிரக்கணக்கான மேசைகளாகப் பிரித்துப் போட்டது, அவ்வளவுதான்.

பெண்கள் செய்தார்கள் என்பதற்காக அங்கே நடந்த எல்லாவற்றையும் கொண்டாட முடியவில்லை. 1985இல் கென் ஹாரன்ஸ்டீன், மேரி ஸ்டால், ஃபெயின்லர் மூவரும் வெளியிட்ட விதிக்குறிப்பின்படி பெயருக்கு 24 குறிகள்தான் உச்சவரம்பு. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, புள்ளி மட்டுமே அனுமதி. அவர்கள் முன்னிருந்த கணினிகளுக்கு அது போதும். உலகத்துக்குப் போதவில்லை. டாட் இலங்கை என்று தமிழிலேயே ஒரு முகவரி முடிவதற்கு 2010 ஆக வேண்டியிருந்தது.

எண் கிடைத்த பிறகு பாதை. இங்கே ராடியா பெர்ல்மனின் பெயர் வந்தே தீரும். கணினிகளை இணைக்கும் பாலங்கள் வளையமாக அமைந்துவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது, 1985இல், அவர் தந்த தீர்வில் பாலங்கள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்து, மிகுதிப் பாதைகளை மூடிவைக்கும். ஒன்று அறுந்தால் மூடியதைத் திறக்கும். மேலே உட்கார்ந்து ஆணையிட யாரும் வேண்டாம். ரவுட்டர்கள் தம் பாதை நிலவரத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை நிலையாக இயங்கவும் அவர் பணி உதவியது. 'இணையத்தின் தாய்' என்ற பட்டம் அவருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும்தான். சாதித்த பெண்ணை உடனே தாயாக்கிவிடும் அவசரம் நமக்கு ஏன்?

பெர்ல்மனை மாணவிகளிடம் அறிமுகப்படுத்துவது எளிது. அல்காரிதம் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தொலைபேசியை எடுத்து, பெயரைச் சரிபார்த்து, ஒரு வரி எழுதியவர்களைச் சொன்னால் முகம் வாடுகிறது. என் முகமும் முதலில் வாடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிட அழைப்புகளில் இரண்டு வருடம் கழித்தவள் நான். எனக்கே அது வேலையாகத் தோன்றவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. எந்தத் தெருவில் மழை பெய்தால் இணைப்பு அறும், எந்த ரவுட்டர் எத்தனை மணிக்குச் சூடேறும், எந்த எண்ணை மாற்றினால் சரியாகும் என்று ஷிப்ட் மாறி மாறி நாங்கள் எழுதிவைத்தது. பெரிய கோளாறு வந்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்கிவந்து அதைத்தான் புரட்டுவார்கள். ஃபெயின்லர் தம் மையத்தின் காகிதங்களை எறியாமல் வைத்திருந்து, மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நான் வேலையை விட்ட அன்று அந்த நோட்டு மேசைமேல்தான் இருந்தது. கடைசி இருபது பக்கம் என் கையெழுத்து. எடுத்துவர வேண்டும் என்று தோன்றவே இல்லை.