கணக்கு யாரிடம்? தறிச்சத்தம், சந்தம், தாளம்

பள்ளிபாளையம் என்றதும் வெளியூர்க்காரர் நாக்கில் பள்ளிபாளையம் சிக்கனின் வரமிளகாய்க் காரம் ஊறும். உள்ளூர்க்காரருக்கோ ஊர் என்பது ஒரு சத்தம். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறி கேட்கும். அந்தச் சத்தத்தில் தாளம் இருக்கிறதா? அடி இருக்கிறது, தாளம் இல்லை என்பதே இக்கட்டுரையின் விடை. அதிலிருந்து இன்னொரு வாதமும் எழுகிறது: ஓர் இசைமுறையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வேகமோ அடிகளின் எண்ணிக்கையோ அன்று, கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதே.

முதலில் தறி. ஒரு பக்கத்துக் கட்டை நாடாவை அடித்து அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்துக் கட்டை திருப்பி அடிக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அச்சு வந்து ஊடையை நெருக்குகிறது. நிமிடத்துக்கு 120 ஊடை என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், போய் வருவதற்கு ஒரு விநாடி. இரு கட்டைகளின் ஒலியும் சற்றே வேறுபடுவதால் காது இதை இரண்டிரண்டாகக் கேட்கிறது. வேறுபாடே இல்லாவிட்டாலும் அப்படித்தான் கேட்கும். ஒரே அளவான ஒலிகளைச் சீரான இடைவெளியில் ஒலிக்கவிட்டால் கேட்பவர் தாமாகவே அவற்றை இரண்டாகவும் நான்காகவும் கட்டிக்கொள்கிறார் என்பதை அமெரிக்க உளவியலாளர் தாடியஸ் போல்டன் 1894இல் சோதித்து எழுதினார். கட்டு, ஒலியில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது.

ஒரு பட்டறையில் எட்டுத் தறி ஓடினால் கதை மாறுகிறது. எந்த இரண்டின் வேகமும் முற்றிலும் ஒன்றாக இராது. இரண்டு தறிகளின் அடி சற்று நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழும், மெல்ல விலகும், மறுபடி கூடும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967இல் இரு பியானோக்களுக்கு எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ இந்த விலகலையும் கூடலையும் கொண்டே கட்டப்பட்டது. ஆனால் அங்கே விலகுபவர் தெரிந்து விலகுகிறார். எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தறிக்குச் சேருமிடம் கிடையாது. திரும்பி வந்து தொடவேண்டிய ஓர் இடம் உண்டு என்ற உடன்பாடே தாளம். நம் மரபு அந்த இடத்தைச் சமம் என்கிறது.

உழைப்பின் சீரிலிருந்தே பாட்டு பிறந்தது என்று ஜெர்மன் பொருளியலாளர் கார்ல் பூஷர் 1896இல் ஒரு நூல் எழுதினார். ஏற்றப்பாட்டைக் கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். இறைத்த சால் எத்தனை என்று பாட்டே எண்ணிக்கொண்டு போகும், கணக்குப்பிள்ளை வேண்டாம். ஆனால் பூஷர் சொல்வதை அப்படியே ஏற்றால் விசைத்தறி ஊர்களில் தறிப்பாட்டு பெருகியிருக்கவேண்டும். தறியின் வேகத்துக்கென்று கட்டிய வேலைப்பாட்டு எதையும் நான் கேட்டதில்லை. இரைச்சல் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது வேறு. ஏற்றத்தில் வேகத்தை வைத்திருந்தவர் இறைப்பவர். மூச்சு வாங்கினால் பாட்டும் நின்று வரும். விசைத்தறியில் வேகம் மோட்டாரிடம். ஆளுக்குக் காவல் வேலைதான். சீர் இருந்தால் மட்டும் பாட்டு வராது. சீரைப் பிடித்து நிறுத்தும் உரிமையும் பாடுபவரிடம் இருக்கவேண்டும். பூஷரின் கருத்துக்கு இந்தத் திருத்தம் தேவை.

தமிழ் இதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. காலும் அடி, அறைதலும் அடி, செய்யுள் வரியும் அடி. தாளத்தின் உட்பிரிவுக்குப் பெயர் நடை. அடித்தல் மட்டும் இருந்து நடத்தல் இல்லாதபோது நாம் அதை இசை என்பதில்லை.

செவ்விசைகளில் கணக்கு எங்கே இருக்கிறது? இந்துஸ்தானியில் தபலாவிடம். பதினாறு மாத்திரை தீன்தாளத்துக்கு வரையறுத்த ‘தேகா’ சொற்கட்டு உண்டு. அதைக் கேட்டாலே பாடகர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரியும். கர்நாடக இசையில் மிருதங்கத்துக்கு அந்தக் கடமை இல்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் கையில்தான்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இருமுறை தட்டும் வீச்சும். பாடுபவர் தொடையிலும் கேட்பவர் தொடையிலும் அது சத்தமின்றி ஓடுகிறது. மிருதங்கம் பாட்டைத் தொடர்ந்துபோக விடுதலை பெறுவது இதனால்தான். சமம் தாண்டி ஒன்றரை இடத்தில் எடுக்கும் கீர்த்தனைகள் நம்மிடம் ஏராளம். யாரும் ஒலிக்காத அந்தச் சமத்தை எல்லோரும் வைத்திருந்தால்தான் ஒன்றரை என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. நாதசுரக் குழுவில் கைத்தாளம் போடுபவரை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தவில் எவ்வளவு தூரம் ஓடினாலும் திரும்பும் வீடு அவர் கையில்தான்.

எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிக்காது என்பதற்கு ஏழே சாட்சி. மிஸ்ரசாபு மூன்றும் நான்கும்: தகிட தகதிமி. கையில் அது 3, 2, 2. பல்கேரியாவின் ராச்செனிட்சா ஆட்டமும் ஏழுதான். ஆனால் 2, 2, 3. அதாவது நீண்ட கால் நமக்கு முதலில், அவர்களுக்குக் கடைசியில். சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாபு நான்கையும் மூன்றையும் வரிசை மாற்றிப் போடுகிறது. கணக்கில் அது பல்கேரியர் பக்கம் போய்விடுகிறது. ஆனாலும் காதில் பல்கேரியா வருவதில்லை. அங்கே ஏழு, ஆடுபவர் காலில் ஓடுவது. இங்கே அமர்ந்திருப்பவர் கையில்.

இன்னொரு வழியும் உண்டு: கணக்கை எழுத்திடம் கொடுத்துவிடுவது. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள திருச்செங்கோட்டு மலையின் முருகனை அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடினார். அவர் பாடிய மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. சந்தம் வந்து சேர்ந்திருக்கிறது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையில் தனதன, தானன என்று அச்சிட்டிருப்பது அலங்காரம் அன்று. அது தாளக் குறிப்பு. ‘தனன தனதன’ என்பதை மாத்திரையாக எண்ணினால் மூன்றும் நான்கும். தகிட தகதிமிக்கு அண்ணன் தம்பி உறவு. சந்தக் குழிப்பு எனப்படும் இந்தக் குறிப்பு நீளத்தை மட்டும் சொல்வதும் இல்லை. தத்த என்றால் வல்லினம் இரட்டிக்கவேண்டும், தந்த என்றால் மெல்லினம் முன்னே வரவேண்டும், தய்ய என்றால் இடையினம். எந்த இடத்தில் என்ன ஒலி விழவேண்டும் என்பதையும் வகுத்துவிடுவதால் இதை மிருதங்கச் சொற்கட்டின் உடன்பிறப்பு என்றே கொள்ளலாம். இத்தகைய ஏழு மாத்திரைச் சந்தத்தை இழுத்து ஆதியில் உட்கார வைப்பவர்கள் உண்டு. உட்காரும், நடக்காது.

இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் கணக்கு மறுபடி இயந்திரத்திடம் போயிருக்கிறது. வாசிப்பவர் காதுக்குள் ‘க்ளிக்’ ஓடுகிறது. நமக்கு அது கேட்பதில்லை. தறி மோட்டாருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், தறி ஒளிந்துகொள்வதில்லை என்பதே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டின் நடுவே மூச்சுக்காகக் கொஞ்சம் தயங்கி நிற்கும் உரிமை போனது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

கொங்குப் பகுதியின் வள்ளி கும்மி இந்த வாதத்துக்குக் கடைசிச் சோதனை. 2024இல் அக்கலையின் ஆசிரியர் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இப்போது பெரிய மைதானங்களில் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். பாட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. அப்படியானால் கணக்கு ஒலிபெருக்கியிடம் என்று சொல்லத் தோன்றும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். பெட்டிக்கு அருகில் நிற்பவரைவிட 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். அரை விநாடிக்கு ஒரு கைத்தட்டு என்றால் அந்தத் தாமதம் ஐந்தில் ஒரு பங்கு. எல்லோரும் காதை நம்பினால் தட்டு சிதறும். ஆடுபவர்களைக் கூர்ந்து பார்த்தால், பழகியவர்களின் கண் பெட்டிப்பக்கம் போவதே இல்லை. முன்னால் போகிறவளின் குதிகாலில் இருக்கிறது.