ஹேர்பீஸ் பிறபொருளெதிரிப் பரிசோதனையின் நம்பகத்தன்மை: ஊவாத் தோட்டப்புறங்களை முன்வைத்து

ஹேர்பீஸ் சிம்பிளெக்ஸ் வைரசில் இரு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயோரத்தில் கொப்புளம் போடும்; இரண்டாம் வகை பிறப்புறுப்பில். உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு முதல் வகையும், 15 முதல் 49 வயதுடையோரில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு இரண்டாம் வகையும் தொற்றியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரத்தப் பரிசோதனை தேடுவது வைரசை அல்ல, அதற்கெதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரியை. ஆகவே ‘பொசிட்டிவ்’ என்ற முடிவு, சரியாக இருந்தாலும், எப்போதோ தொற்றியது என்று மட்டுமே சொல்லும். எப்போது, யாரிடமிருந்து, உடலில் எங்கே என்பவற்றைச் சொல்லாது. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாக ஒட்டுவது. பசறையிலோ அப்புத்தளையிலோ நெருக்கடியான லயக் காம்பராவில் வளர்ந்த ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அந்த முடிவைக் கொண்டு அளப்பது அறியாமை.

இரண்டாம் வகையில் சிக்கல் வேறு. ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரியைத் தேடும், பரவலாகப் பயன்படும் பரிசோதனையொன்று தொற்றுள்ளவரை 99 விழுக்காடு கண்டுபிடிக்கும், தொற்றில்லாதவரை 81 விழுக்காடு மட்டுமே சரியாக விலக்கும் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இல் கணித்தது. ஆயிரம் பேரில் 50 பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 50 பேரும் ஏறக்குறைய முழுமையாகப் பிடிபடுவர். தொற்றில்லாத 950 பேரில் சுமார் 180 பேருக்கும் பொசிட்டிவ் என்றே வரும். அதாவது பொசிட்டிவ் பெற்ற ஐவரில் நால்வருக்கு நோயே இல்லை. தொற்று அரிதான சமூகத்தில் இந்தப் பிழை பெருகும். அறிக்கையில் முடிவோடு தரப்படும் குறியீட்டெண் 1.1க்கும் 3.0க்கும் இடையில் இருந்தால் வேறு முறைப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். ஐ.ஜி.எம். என்ற மற்றொரு பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனையோ வைரசின் வகையையும் பிரிக்காது, புதிய தொற்றையும் நிரூபிக்காது. மறுபுறம், தொற்றிய முதல் வாரங்களில் எடுத்த ‘நெகட்டிவ்’ ஆறுதல் தராது. பிறபொருளெதிரி தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம்.

‘கொழுந்து மலையிலிருந்து நகருக்கு இறங்கி வருவதே பாடு, வந்த அன்றே இரத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லதல்லவா?’ என்று கேட்கலாம். புண் இருக்கும்போது அதைப் பரிசோதிப்பதும் அதிலிருந்து மாதிரி எடுப்பதும் இரத்தத்தைவிடத் தெளிவான விடை தரும். அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்க இரத்த முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கர்ப்பிணிகளின் கவலை நியாயமானது. பிரசவத்தை ஒட்டி முதன்முறை தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். ஆனால் அறிகுறியற்ற எல்லோரையும் இரத்தத்தில் சலித்தெடுப்பதை அந்த அமெரிக்கப் பணிக்குழு 2023இலும் ஏற்கவில்லை. சிபிலிசுக்கு மட்டும் ஏன் கர்ப்பிணிகள் அனைவரிடமும் இரத்தம் எடுக்கிறார்கள்? அங்கே வி.டி.ஆர்.எல். என்ற முதற்கட்டப் பரிசோதனை தவறினாலும் திருத்த இரண்டாவது பரிசோதனை உண்டு, பெனிசிலின் நோயைக் குணமாக்கும். தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கை 2019இல் அங்கீகாரம் பெற்றதில் அந்த ஒழுங்குக்குப் பங்குண்டு. ஹேர்பீஸை உடலிலிருந்து அகற்றும் மருந்து இல்லை. சந்தேகத்துக்குரிய முடிவு மருத்துவத்தைவிடக் குடும்பச் சண்டைக்கே அதிகம் உதவுகிறது.

அறிக்கை கையில் உள்ளவர் மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும்: எந்த வகை வைரஸ், ஐ.ஜி.ஜி.யா ஐ.ஜி.எம்.மா, குறியீட்டெண் எவ்வளவு. பதுளையிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இதற்கான ஆலோசனை இலவசம். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.