எழுத்தறிவித்த விலங்குகள்

அகரத்திற்கு அணில், ஆகாரத்திற்கு ஆடு, எகரத்திற்கு எலி என்று படம் பார்த்து எழுத்தறிந்தவர்கள் நம்மிற் பலர். இன்று அந்த அணிலையும் ஆட்டையும் வெறுங் கோட்டுருவமாக அச்சிட்டு, வண்ணம் தீட்டும்படி குழந்தையின் கையிற் கொடுக்கிறார்கள். விளையாட்டாகத் தோன்றும் இம்முறையின் வேர் மிகப் பழையது.

1658-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரமாகிய நூரம்பர்க்கில் ஒரு படநூல் வெளிவந்தது. ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். ஆக்கியவர் கொமேனியஸ் என்னும் பேராசிரியர். மொரேவியாவிற் பிறந்த அவர், சமயக் கொடுமையால் 1628-இல் தாய்நாட்டைத் துறந்து, போலந்திலும் ஹங்கேரியிலும் வாழ்ந்து, 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார். அயலிடத்தில் இருந்தவர் எழுதிய அந்நூல் இருமொழி நூலாக அமைந்ததில் வியப்பில்லை. லத்தீனும் ஜெர்மனும் அருகருகே நிற்க, 150 பாடங்களுக்கும் படங்கள் இருந்தன.

நூலின் முகப்பில் உயிருள்ள நெடுங்கணக்கு ஒன்று உண்டு. காக்கை கரைவது ‘ஆ’, ஆட்டுக்குட்டி கத்துவது ‘பே’, வாத்தினத்தைச் சேர்ந்த பெரும்பறவை ‘கக’ என்கிறது, பாம்பு சீறுவது ‘ஸ’கர ஒலி, நாய் உறுமுவது ‘ர்ர்’, ஆந்தை அலறுவது ‘ஊ’. எல்லா ஒலிக்கும் விலங்கு கிடைக்கவில்லை போலும். காற்றையும், அழும் குழந்தையையும், வண்டிக்காரனின் கூவலையுங்கூட அவர் சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. கொமேனியஸ் விலங்கின் பெயரை நாடவில்லை. அதன் குரலையே எழுத்துக்கு அடையாளமாக்கினார். பெயர் மொழிக்கு மொழி மாறும். குரல் அவ்வளவாக மாறுவதில்லை. இருமொழி நூலுக்கு இதனினும் ஏற்ற வழி ஏது? படங்களைப் பார்த்துக் குழந்தைகள் தாமே வரையட்டும் என்றும் முன்னுரையில் கூறினார். அதனால் பொருளின்மேற் கவனம் கூர்மையாகும், உறுப்புகளின் அளவு விளங்கும், கையும் பழகும் என்பது அவர் கருத்து. 1903-இல் அமெரிக்காவில் 8 வண்ணங்கொண்ட மெழுகுக்கோற் பெட்டி 5 சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்த பின்னர், வண்ணம் தீட்டுதல் எளிய இல்லங்களிலும் புகுந்தது.

பிற்காலத்துப் பாடநூல்களோ பெரும்பாலும் பெயரின் முதலெழுத்தையே பற்றின. வங்கத்தில் யோகீந்திரநாத் சர்க்கார் 1897-இல் வெளியிட்ட ‘ஹாசிகுஷி’யில் அகரத்திற்கு வருவது அஜகரம், அதாவது மலைப்பாம்பு. அச்சமும் சிரிப்பும் கலந்த அப்பாம்பு வங்கக் குழந்தைகள் பல தலைமுறையாக அறிந்த ஒன்று. நம் வீட்டுக் குழந்தைக்கு அதே பாம்பு மகரத்திற்கு உரியது!

தமிழகத்திற்கு வெளியே வாழும் பெற்றோருக்கு இடர் இங்கேதான் தொடங்குகிறது. தில்லியில் வளரும் சிறுமி அணிலுக்கு அழகாகவே வண்ணம் தீட்டுவாள்; ஆனால் அவள் வாய் ‘கிலஹரி’ என்று முணுமுணுக்கும். அந்தப் பெயரிலிருந்து அகரம் எப்படிப் பிறக்கும்? படம் எழுத்தைக் கற்பிப்பதில்லை. படத்தைக் கண்டவுடன் நாவில் எழும் பெயரே கற்பிக்கிறது. ஆந்தையை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது ஆகாரம். இந்திப் பாடநூலில் ‘உல்லூ’ என்று உகரம். கொமேனியஸின் ஏட்டிலோ குரலாலேயே ‘ஊ’. ஒரே பறவை, மூன்று எழுத்து. வண்ணக்கோலை எடுக்குமுன் பெயரைத் தமிழிற் சொல்லி, தீட்டும்போதும் அதைச் சொல்லவைக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லையாயின், அந்த ஏடு சித்திரப் பயிற்சி ஏடாகவே நின்றுவிடும்.

கொமேனியஸின் வழியும் நமக்கு முற்றும் அயலன்று. அவருடைய காக்கை ‘ஆ’ என்றது. நம் காக்கை ‘கா’ என்கிறது. அவருடைய ஆடு ‘பே’; நம் ஆடு ‘மே’. குயில் கூவுவது ‘கூ’. மூன்றும் தமிழெழுத்துகளே, பெயரை மறந்த குழந்தைக்கும் குரல் நினைவிருக்கும். ‘கா’, ‘கூ’, ‘மே’ ஆகியவற்றை முதலிற் கற்பிப்பது நெடுங்கணக்கின் வரிசைக்கு மாறானது, பள்ளியாசிரியர் ஒப்பமாட்டார். வீட்டுத் திண்ணையில் அந்தத் தடை இல்லை.