சதுரங்கப் பலகையில் ஒரு பேரெண்

18,446,744,073,709,551,615. இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண், சதுரங்கத்தை ஆக்கியளித்த இந்திய ஞானி ஸிஸ்ஸா தம் அரசனிடம் வேண்டிய பரிசு என்று அரபு நூல்கள் கூறும். முதல் வீட்டுக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என அறுபத்து நான்கு வீடுகளுக்கும் இரட்டித்துத் தருமாறு அவர் கேட்டார். அரசனோ அதனை அற்பமெனக் கருதினான். இக்கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் எண் மெய்யானது. அதனைக் கண்ட முறையோ போற்றத்தக்கது.

குவாரிஸ்மில் 973இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் இயற்றிய ‘அல் ஆஸாருல் பாக்கியா’ என்னும் நூலில் இவ்வெண்ணைத் துல்லியமாகத் தருகிறார். அறுபத்து மூன்று முறை இரட்டிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. ஐந்தாம் வீட்டின் 16ஐ அதனாலேயே பெருக்கினால் ஒன்பதாம் வீட்டின் 256 கிடைக்கும். அதனை அவ்வாறே பெருக்கினால் பதினேழாம் வீட்டின் 65,536. இன்னும் இருமுறை பெருக்கின், பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் வீட்டை அடைகிறோம். எந்த வீட்டின் எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் அதற்கு முந்திய வீடுகளின் கூட்டுத்தொகை வரும். ஆகவே ஒன்றைக் கழித்ததும் விடை கைக்கு வந்துவிடுகிறது!

இத்தொகையைத் திர்ஹங்களாக்கிப் பத்தாயிரத்துக்கு ஒரு பையாகக் கட்டி, கோவேறு கழுதைக்கு எட்டுப் பை வீதம் ஏற்றி, அக்கழுதைகளை மந்தைகளாகவும், மந்தைகளைப் பள்ளத்தாக்குகளாகவும், பள்ளத்தாக்குகளை மலைகளாகவும் பகுத்துக்கொண்டே சென்று, 2,305 மலைகள் வேண்டும் என்று காட்டுகிறார் அவர்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (1211–1282) முதலில் இதனை நம்பவில்லை. அலெக்ஸாந்திரியக் கணக்கர் ஒருவர் ஏட்டில் எழுதி விளக்கிய பின்னரே ஏற்றுக்கொண்டார். பதினாறாம் வீட்டின் 32,768 மணிகளை ஒரு படியாகக் கொண்டு, படியைக் களஞ்சியமாக்கி, களஞ்சியங்களை நகரமாக்கி, 16,384 நகரங்கள் தேவைப்படும் என்று அக்கணக்கர் முடித்தாராம். கேட்டதை நம்பாமல் சான்று வேண்டியதும், சான்று கிடைத்ததும் பணிந்ததும் அறிஞர்க்கு அழகன்றோ!

இவ்வெண் 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417 ஆகிய ஏழு பகா எண்களின் பெருக்கம். இவற்றுள் 641 என்னும் காரணியை வெளிப்படுத்தியவர் ஆய்லர், ஆண்டு 1732. இன்றைய கணிப்பொறிகளில் அறுபத்து நான்கு இருமக் கூறுகளுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் இதுவே.

இரட்டித்துப் பன்மடங்காகும் வட்டியை உண்ணாதீர் என்று ஆல இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம் தடுக்கிறது. அதன் ஆழத்தை இப்பலகை கண்முன் காட்டுகிறது. முதல் வரிசை எட்டு வீடுகளின் மொத்தம் 255 மணிகளே. இரண்டாம் வரிசை முடிவில் 65,535. அரசன் ஏமாந்தது முதல் வரிசையைக் கண்டே. கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் ஏழையும் அந்த முதல் வரிசையைத்தான் காண்கிறான். அவனுக்குக் கடைசி வரிசையைக் கணக்கிட்டுக் காட்டுவது கற்றோர் கடமை.