வாகைக்குளத்து விசிறியும் மதுரை ஜெட்டும்

கோவில்பட்டிக்காரர் சென்னைக்குப் பறக்க இரண்டு வாசல்கள் உண்டு. தெற்கே தூத்துக்குடியின் வாகைக்குளம், சாலை வழியாக அறுபது எழுபது கிலோமீட்டர். வடக்கே மதுரை, சாத்தூர் விருதுநகர் தாண்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இந்த இரண்டு வாசல்களிலும் எந்த விமானம் நிற்கும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது ஓடுபாதையின் நீளம். வாகைக்குளத்தில் இருந்தது 1,351 மீட்டர். அதில் ஏடிஆர் 72 இறங்கும். ஏர்பஸ் 320 இறங்காது. மதுரையின் 2,285 மீட்டரில் இரண்டுமே இறங்கும். மதுரைக்கும் சென்னையிலிருந்து ஏடிஆர் வந்து போகிறது. எனவே இங்கே எடைபோட வேண்டியவை ஊர்கள் அல்ல, விமானங்கள். விசிறி வைத்த சின்ன விமானத்தையும் ஜெட் பொருத்திய பெரிய விமானத்தையும் கரிசல் மண்ணில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது?

முதலில் தெரிவது உறவுமுறை. ஏர்பஸ் 320 முதன்முதலில் பறந்தது 1987 பிப்ரவரியில். ஏடிஆர் 72 பறந்தது 1988 அக்டோபரில். இரண்டும் பிரான்சின் துலூஸ் நகரத்துப் பிள்ளைகள். ஏடிஆர் நிறுவனத்தில் சரிபாதி ஏர்பஸுக்கே சொந்தம். மறுபாதி இத்தாலியின் லியனார்டோவுக்கு. விசிறி பழைய காலத்து மிச்சம், ஜெட் புதிய காலத்து வரவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வயதைப் பார்த்தால் விசிறி விமானம்தான் இளையது.

இனிக் கணக்குக்கு வருவோம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள், ஏர்பஸ் 320 நியோவில் 180 அல்லது 186. முழுச் சுமையோடு கிளம்பும்போது முன்னது 23 டன், பின்னது 79 டன். சென்னை–தூத்துக்குடி நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 530 கிலோமீட்டர். அதைக் கடக்க ஏடிஆருக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எரிபொருள் போதும். ஏர்பஸுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். இருக்கைக்கு எவ்வளவு என்று வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சிக்கனத்துக்குப் பெயர் பெற்ற விசிறி, இருக்கைக் கணக்கில் பெரிதாக முந்துவதில்லை. அது முந்துவது நடைக் கணக்கில்.

தீப்பெட்டி பண்டல் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். லாரியில் பாதி லோடு இருந்தாலும் டீசலும் ஓட்டுநர் படியும் சுங்கமும் ஏறக்குறைய முழு லோடுக்கு ஆகிற அளவுதான். எழுபது பயணிகள் இருக்கும் ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஏடிஆரில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கை நிறைந்துவிடும். ஏர்பஸில் நூற்றுக்கு அறுபது இருக்கைகள் காலியாகப் பறக்கும். இருநூறு பேர் காத்திருந்தால் கதை தலைகீழ். விமானிகள் இரண்டிலும் இருவரே. பணியாளர் ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற விதிப்படி ஏடிஆரில் இரண்டு பேர், ஏர்பஸில் நான்கு பேர். விமானியின் சம்பளத்தை 78 பேர் பகிர்வதற்கும் 186 பேர் பகிர்வதற்கும் உள்ள வேறுபாடு பயணச்சீட்டு விலையில் தெரியாமல் போகாது.

ஆனால் இந்தியாவில் தராசின் ஒரு தட்டில் அரசும் கை வைக்கிறது. விமான எரிபொருள் இன்னும் சரக்கு-சேவை வரிக்குள் வரவில்லை. மாநில விற்பனை வரிதான். தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகளாக 29 சதவீதம், நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று. அதே எரிபொருளை விசிறி விமானத்துக்கு விற்றால், மத்திய விற்பனை வரிச் சட்டம் அதைத் தனிப் பட்டியலில் சேர்த்து, வரி 5 சதவீதத்தைத் தாண்டாமல் தடுக்கிறது. இருக்கைக் கணக்கில் சமமாக நின்ற இரண்டு விமானங்களில் ஒன்று இந்த இடத்தில்தான் தெளிவாக முன்னே போகிறது. இன்னொரு சலுகையும் உண்டு. உள்நாட்டுச் சேவையில் 80-க்குக் குறைவான இருக்கைகள் கொண்ட விமானத்துக்கு இறங்கு கட்டண விலக்கு. இதை அறிந்த பிறகு 78 என்ற எண் தற்செயலாகத் தோன்றாது. தூத்துக்குடிக்கு முன்பு ஸ்பைஸ்ஜெட் ஓட்டிய கியூ400 விசிறி விமானத்தின் உடல் இன்னும் நீளமானது, கூடுதல் பேரைத் தாங்கக்கூடியது. அதிலும் தொடக்கத்தில் 78 இருக்கைகளே இருந்தன.

பயணியின் பக்கம் திரும்பினால் எதிர்பாராதவை இன்னும் அதிகம். ஏர்பஸில் முன்கதவு வழியாக ஏறிப் பின்னோக்கி நடக்கிறோம். ஏடிஆரில் வால்பக்கக் கதவின் படிகளில் ஏறி முன்னோக்கி நடக்கிறோம், ஏனென்றால் அதன் முன்பகுதி சரக்குக்கு உரியது. ஏர்பஸ் உள்ளே 3.70 மீட்டர் அகலம், வரிசைக்கு ஆறு பேர். ஏடிஆர் 2.57 மீட்டர், நான்கு பேர். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறுகலாகத் தெரியும் ஏடிஆரில்தான் இரண்டரை சென்டிமீட்டர் போலக் கூடுதல் கிடைக்கிறது. நாற்காலியை மட்டும் அளந்தால் ஏர்பஸ் சற்றே அகலம் என்பதையும் சொல்லவேண்டும். எனினும் இருபுறமும் ஆள் இருக்க நடுவில் மாட்டிக்கொள்ளும் இருக்கை ஏடிஆரில் கிடையவே கிடையாது. வயதான அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல: ஒருவர் சன்னலோரம், ஒருவர் நடைவழி, இடையே அந்நியர் இல்லை.

ஏடிஆர் இழப்பவையும் உண்டு. கூரை தாழ்வு, 1.91 மீட்டர்; உயரமானவர் தலையைக் கவனித்தே நடக்கவேண்டும். தலைக்கு மேலுள்ள பெட்டிகள் சிறியவை, ஏர்பஸில் எளிதாக நுழையும் சக்கரப் பெட்டி இங்கே வாசலிலேயே பிரிந்து சரக்கறைக்குப் போய்விடும். சத்தம் இரண்டிலும் உண்டு, அது இருக்கும் இடம்தான் வேறு. ஏடிஆரில் விசிறிக்கு நேரான முன்வரிசைகளில் அதிர்வு மிகும், பின்னே போகப்போகத் தணியும். ஏர்பஸில் முன்வரிசை அமைதி, எஞ்சினுக்குப் பின்னால் இரைச்சல். ஆக ஒன்றில் பணம் கொடுத்து வாங்கவேண்டிய முன்வரிசை, மற்றொன்றில் தவிர்க்கவேண்டிய இடமாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைமேகங்களுக்குள் குலுங்குவதிலும் ஏடிஆர் முந்தும். அதன் உச்ச உயரம் 25,000 அடி; ஏர்பஸ் முப்பதாயிரங்களுக்குப் போய்ப் பல மேகங்களைக் கீழே விட்டுவிடும்.

அந்தத் தாழ்வான பறத்தலே ஒரு கொடையும் ஆகிறது. ஏடிஆரின் இறக்கை உடலின் மேலே பொருத்தப்பட்டது, எனவே எந்தச் சன்னலிலிருந்தும் நிலம் தெரியும். ஏர்பஸில் நடுவரிசைகளுக்கு இறக்கைதான் காட்சி. மழை பெய்து ஓய்ந்த வாரங்களில் மானாவாரிக் கரிசல் மேல் உளுந்தும் பாசியும் கம்பும் துண்டுதுண்டாகப் பச்சை பிடித்திருப்பதும், தெற்கே இறங்கும்போது உப்பளங்கள் கட்டம் கட்டமாய் மின்னுவதும் இந்தப் பயணியின் பங்கு. வைப்பாற்றுப் பக்கத்து வயலின் எல்லை வரப்பைக்கூட இனங்காண முடிகிற உயரம் அது. இந்தக் காட்சி ஒன்றுக்காகவே நான் ஏடிஆரின் சன்னலோரத்தைத் தேர்வேன்.

வேகம்? ஏர்பஸ் மணிக்கு 830 கிலோமீட்டரில் பறக்கும், ஏடிஆர் 510. வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 530 கிலோமீட்டர் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் போக முழுவேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சமே. ஜெட்டுக்கு மிச்சமாவது இருபது, இருபத்தைந்து நிமிடம். கோவில்பட்டிக்காரர் மதுரைக்குப் போக அதிகப்படியாக ஓட்டும் முப்பது கிலோமீட்டர் அந்த மிச்சத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஜெட்டின் வேகமும் விசிறியின் அருகாமையும் வீட்டுவாசலில் கணக்கிட்டால் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகுந்த வியப்பளிப்பது எஞ்சின். ஏடிஆரில் ஒரு சிறிய டர்பைன் வேகமாகச் சுழல, பல்சக்கரப் பெட்டி அந்த வேகத்தைக் குறைத்து 3.93 மீட்டர் விட்டமுள்ள ஆறு இதழ் விசிறியை நிதானமாகச் சுற்றவைக்கிறது. நிறையக் காற்றை மெல்லத் தள்ளினால் எரிபொருள் மிச்சம் என்பதே அதன் தத்துவம். ஏர்பஸ் நியோவுக்கு பிராட் அண்டு விட்னி கொண்டுவந்த புதிய ஜெட் எஞ்சினும் இதையே செய்கிறது: நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி, முன்னால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டத்தில் மெதுவாகச் சுழலும் விசிறி. ஏடிஆரின் எஞ்சினைச் செய்வதும் அதே குழுமத்தின் கனடா நிறுவனம்தான். சிக்கனம் தேடிப் போன ஜெட், விசிறியின் பக்கமாக நடந்து வந்திருக்கிறது. அந்த நடை எளிதாக இருக்கவில்லை. உலோகத்தூளில் ஏற்பட்ட குறையால் 2023 முதல் இந்த எஞ்சின் பொருத்திய ஏர்பஸ்கள் ஏராளமாகத் தரையில் நின்றன; இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கும் மேல். ஏடிஆர்களை அந்தக் குறை தொடவில்லை.

2025 ஜூலை 26 அன்று வாகைக்குளத்தில் 17,340 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. நீளம் இனி யாரையும் தடுக்காது. அதனால் பழைய கேள்வி புதிய வடிவம் எடுக்கிறது: ஏடிஆர் போய் ஏர்பஸ் வரவேண்டுமா?

மும்பை வேண்டுமென்றால் ஆம். நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர். ஏடிஆர் முழுச் சுமையோடு பறக்கக்கூடிய எல்லையை நெருங்கும் தூரம், மூன்று மணி நேரக் குலுக்கல். டெல்லியோ வளைகுடாவோ அதற்கு எட்டவே எட்டாது. அங்கெல்லாம் ஜெட்டுக்கு மாற்று இல்லை. சென்னைக்கு மட்டும் என் எடை மறுபக்கம் சாய்கிறது. ஒரே ஏர்பஸின் 186 இருக்கைகள் இரண்டு ஏடிஆரின் 156 இருக்கைகளைவிட அதிகம்தான். ஆனால் அது நாளில் ஒருமுறை வந்து போகும், இவை காலையும் மாலையும் வரும். நூற்பாலைப் பஞ்சுக்கோ தீப்பெட்டி ஏற்றுமதிக்கோ பேசி முடிக்கப் போகிறவர், மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், காலையில் கிளம்பி இரவு வீட்டில் சாப்பிட முடிவது இரண்டாவது ஏற்பாட்டில்தான். அது முடியாதென்றால் அவர் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுவார். விமான நிறுவனம் இழப்பது அவரைத்தான். ஆகவே நீண்ட ஓடுபாதையில் முதல் ஏர்பஸ் இறங்கும் நாளில், கால அட்டவணையில் சென்னைக்கு எத்தனை நடை மிச்சமிருக்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.