புனித செபஸ்தியார்

புனித செபஸ்தியார் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில் கொல்லப்பட்டதாகக் கருதப்படும் மறைசாட்சி. படைவீரர், வில்லாளர், விளையாட்டு வீரர் ஆகியோரின் பாதுகாவலர். கொள்ளைநோய் பரவும்போது மக்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர். விழா நாள் ஜனவரி 20.

உறுதியான சான்று குறைவு. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமக் குறிப்பேட்டில் அவர் பெயரும் விழா நாளும் அடக்கமான இடமும் உள்ளன. மற்ற விவரங்களைத் தருவது 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சரிதம். அதன்படி, மன்னனின் மெய்க்காவல் படைத் தலைவரான அவர், சிறைப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு மறைவாகத் துணைநின்றார். செய்தி அறிந்த மன்னன் அவரைக் கட்டிவைத்து அம்பெய்யச் சொன்னான். இறந்தார் என்று வில்லாளர் விட்டுப்போக, உடலை எடுக்க வந்த இரேனே என்ற கைம்பெண் உயிர் இருப்பதைக் கண்டு காப்பாற்றினார். தேறியதும் செபஸ்தியார் தப்பி ஓடவில்லை. மன்னன் எதிரிலேயே போய்க் கண்டித்தார். இம்முறை தடியால் அடித்துக் கொன்று, ரோமின் பெரும் சாக்கடையில் வீசினார்கள். ஆக, பலரும் நினைப்பதுபோல் அவர் அம்பால் இறக்கவில்லை.

இந்தத் தவறான எண்ணத்தை வளர்த்தவர்கள் ஓவியர்களே. தொடக்கத்தில் அப்படியில்லை: ரோமின் சான் பியெத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில் உள்ள 7ஆம் நூற்றாண்டு மொசைக்கில் அவர் உடையணிந்த, நரைத்த தாடிக்காரர். உடலில் அம்பே இல்லை. கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாகக் கருதுவது பழைய வழக்கம். அம்பு தைத்தும் பிழைத்தவரிடம் மக்கள் அடைக்கலம் தேடினர். 1347இல் ஐரோப்பாவில் புகுந்த பெருங்கொள்ளைநோய்க்குப் பின் அவர் படங்கள் பெருகின. மறுமலர்ச்சிக் கால ஓவியர்களுக்கோ ஆடையற்ற இளம் உடலை ஆலயத்துக்குள்ளேயே தீட்ட இது நல்ல வாய்ப்பு! அவர்களுள் ஒருவரான மன்தேஞா, அம்பு தைத்த காட்சியை மூன்று முறை வரைந்தார். ஃபிளாரன்ஸில் ஃப்ரா பர்த்தொலொமேயோ வரைந்த படம் பெண்களின் மனத்தைக் கலைக்கிறது என்று துறவிகள் அதை ஆலயத்திலிருந்து அகற்றியதாக ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி கூறுகிறார். சாக்கடையில் வீசப்பட்ட முடிவை வரையத் துணிந்தவர்கள் சிலரே. 1612இல் லுதோவிக்கோ கராச்சி வரைந்தது அத்தகைய ஓவியங்களுள் புகழ்பெற்றது.

கேரளத்தில் பல இடங்களில் அவர் விழாவுக்கு அம்புப் பெருநாள் என்றே பெயர். அம்பு வடிவங்களை வீதியுலாவாக எடுத்துச் செல்கிறார்கள். ஆலப்புழை மாவட்டத்து அர்த்துங்கல் பேராலயத்தில் அவர் சுரூபத்தை வணங்க, சபரிமலையிலிருந்து திரும்பும் ஐயப்ப பக்தர்களும் வருகிறார்கள்.